எழுந்து போகாத ஞாயிறுகள்

பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறைக்கு நூல் சுற்றிப் பிழைக்கிற ஜோதி, ஆறு வருஷமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் வாங்கக் கோயிலே எழுந்து பீடத்தண்டை போய் முழங்காலிடும். பெண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். என்ன பாவம் பண்ணினாளோ என்று சபையார் அவள் தலையைப் போட்டு உருட்டினார்கள்.

பாவம் பண்ணியவன் பூபதி. ஜோதியின் வீட்டுக்காரர் சத்தியநாதன் பட்டறையில் கரண்ட் அடித்துச் செத்தபோது, "ஆளு குடிச்சிருந்தாருங்க" என்று முதலாளிக்குத் தோதாகச் சாட்சி சொன்ன கூட்டாளித் தொழிலாளி. ஞானஸ்நானம் எடுத்த நாள் முதல் சத்தியநாதன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் குடிகாரன் என்ற பேரோடுதான் மண்ணுக்குள் போனார். பூபதியோ மாதம் தவறாமல் முழங்காலிடுவான். அந்தக் கோயிலில் எல்லாருக்கும் ஒரே கிண்ணம். அவன் வாய் வைத்ததில் வாய் வைக்க ஜோதிக்கு மனசு வரவில்லை. மன்னிக்காமலே மன்னித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்கவும் அவளுக்குத் தெரியாது. பிள்ளை இல்லாத வீட்டில் ஒற்றை ஆளுக்குப் பொங்கித் தின்று கிடந்தாள். தனிமை அவளைத் தின்றது.

இனித் தாங்காது என்று ஒரு சனிக்கிழமை பூபதி வீட்டுக்கே போனாள்.

"உன்னைய மன்னிச்சுட்டேன்னு சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன், பூபதி."

"என்னத்துக்குங்க்கா?"

"அவரு குடிச்சிருந்தாருன்னு சொன்னதுக்கு."

"குடிச்சுத்தானுங்க்கா இருந்தாரு."

சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான் போலிருந்தது. டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லி உபசாரம் வேறு. ஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவிரிப் பாலம் வரை நடந்து போய் அழுதாள். அவன் கேட்டால்தான் மன்னிப்பது என்றால் சாகும்வரை அந்தப் பெஞ்சுதான் கதி என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள், மாதத்தின் முதல் ஞாயிறு. எழுந்து போனாள். ஆண்கள் வரிசை முடிந்து பெண்கள் வரிசை தொடங்கும் இடம், பூபதிக்கு அடுத்த இடம்தான் கிடைத்தது. அவன் குடித்ததும் போதகர் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து, திருப்பி அவளிடம் நீட்டினார். 'ஆண்டவரே, அவன் சொன்னது பொய்தான். ஆனாலும் மன்னிச்சுட்டேன்.' வாங்கிக் குடித்தாள்.

வாசலில் பூபதி, "ஸ்தோத்திரமுங்க்கா" என்றான்.

"ஸ்தோத்திரம். அவரு குடிக்கலை, பூபதி."

கோபமில்லாமல்தான் சொன்னாள். பூபதி குனிந்து செருப்பைத் தேடினான்.

அடுத்த மாதம் அவள் முழங்காலிட்டபோது பக்கத்து இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். திரும்பி வரும்போதுதான் பார்த்தாள். ஆண்கள் பக்கத்தில், எல்லாரும் எழுந்து போன பெஞ்சில் பூபதி மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். சபையார் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். இனி அவன் தலை உருளும். அப்படி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

பெண்கள் பக்கம் போகாமல், ஜோதி நேரே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.