பொத்திப் பிடித்த கை

எங்கள் சாச்சி புருஷனை இழந்து இத்தா இருந்த அந்த நாலு மாதமும் பத்து நாளும் கல்முனைக்குடியில் எனக்குத்தான் பெரிய உத்தியோகம். சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. அவவின் புருஷன், எங்கள் சாச்சா, வயலுக்குப் போன இடத்தில் உழவு மெசினின் கலப்பையில் தொடை கிழிபட்டு, ஆஸ்பத்திரி வந்து சேரும் முன்பே மௌத்தாகிவிட்டார். அன்று முதல் சாச்சி வெள்ளைச் சேலையோடு அறைக்குள். வெளி ஆண்கள் அவவைப் பார்க்கக் கூடாது. அவவின் குரல்கூடத் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், சட்டம். கடைக்குப் போவதும், தெருவில் நடப்பதை யன்னலோரம் நின்று அவவுக்குச் சொல்வதும் என் வேலை. நான் இரண்டாம் வகுப்பு. வாய் மட்டும் எட்டாம் வகுப்பு.

ஒரு நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, பக்கத்து ஊரான பாண்டிருப்புத் தச்சர் ஒருவர் கடை அலுமாரிக்குப் போடும் கண்ணாடியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார். ஒழுங்கை முடக்கில் சில்லு மணலில் புதைந்தது. ஆளும் கண்ணாடியும் ஒன்றாக விழுந்தார்கள். எழும்பியபோது முழங்கைக்கு மேலே ஆழமான வெட்டு. இரத்தம் துள்ளித் துள்ளிப் பாய்ந்தது.

கூட்டம் சேர எவ்வளவு நேரம்? ஒருவர் கோப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். இன்னொருவர் சோடா உடைத்தார். எல்லோரும் கதைத்தார்கள், இரத்தத்தைத் தொட மட்டும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அப்போது யன்னலுக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு சத்தம். ஒழுங்கையே திடுக்கிட்டது. சாச்சி!

"கோப்பித்தூள் போட வேணாமெண்டு சொல்லு! இந்தச் சீலய மடிச்சு வெட்டுக்கு மேல வெச்சு, ரெண்டு கையாலயும் பொத்திப் புடி. நல்லா அமத்து மகள்!"

முக்காட்டிலிருந்து கிழித்த துணி யன்னல் கம்பிக்குள்ளால் வந்து விழுந்தது. நான் அதை மடித்து வெட்டின் மேல் வைத்துப் பொத்திப் பிடித்தேன். விரல்களுக்குள்ளால் இரத்தம் சூடாகக் கசிந்தது.

"நனஞ்சிட்டு சாச்சி! எடுக்கட்டா?"

"எடுக்காத! மேல இன்னொரு துணிய வெய்யி. கைய எடுத்தியெண்டா அந்தாள் மௌத்தாப் போயிருவார். அவர்ர கைய ஆராவது மேல தூக்கிப் புடிங்க!"

கடைசி வரி ஆண்களுக்கு. கோப்பித்தூள்காரர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிப் பிள்ளை மாதிரி ஓடி வந்து தூக்கிப் பிடித்தார். ஹயர் கார் வந்ததும் யாரோ என்னை விலக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை, கடிக்கவும் போனேன். என்னையும் சேர்த்தே காரில் ஏற்றினார்கள். தச்சரின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. "தங்கச்சி, அம்மாட்ட சொல்லிருங்க" என்றார். வாய் திறந்தால் பிடி தளர்ந்துவிடும் என்ற பயத்தில் நான் மூச்சுக்கூட விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓடி வந்த தாதி மிஸ்ஸி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அந்தக் கையை வாங்கினா.

மூன்றாம் நாள் தச்சரின் தாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தா. "பிள்ளைட கையாலதான் என்ட மகன் தப்பினான்" என்று என் கன்னத்தைத் தடவினா. நான் பழத்தையும் மறந்து அதைச் சொல்லச் சாச்சியிடம் ஓடினேன்.

சாச்சி சந்தோசப்படவில்லை. என் முகத்தையே பார்த்தா.

"எவ்வளவு நேரம் பொத்திப் புடிச்சிருந்த?"

"ஒரு மணித்தியாலம்! ஆஸ்பத்திரிக்குள்ளயும் நாந்தான் புடிச்சிட்டிருந்தன்."

"மெய்யாவா?"

"வல்லாஹி!" அல்லாஹ் மேல் சத்தியமே செய்துவிட்டேன்.

சாச்சி சுவரில் தலையைச் சாய்த்து அழத் தொடங்கினா. சாச்சாவின் மையித்தைத் தூக்கிய அன்றுகூட அவ அப்படி அழவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நல்ல செய்திக்கு யாராவது அழுவார்களா? ஒரு 'கெட்டிக்காரி' சொன்னால் குறைந்தா போய்விடும்?

நான் பெரிய பிள்ளையான பிறகுதான் உம்மா சொன்னா. சாச்சாவைக் கொண்டுபோன அன்று ஆஸ்பத்திரியில், "வழியில ஒருத்தரும் அமத்திப் புடிக்கல்லையா?" என்று கேட்டார்களாம். அது காதில் விழுந்த நாளிலிருந்து சாச்சிக்கு உறக்கமில்லை. "வயல்லருந்து முக்கா மணித்தியாலப் பாதை. பொத்தினாலும் அவ்வளவு நேரம் தாங்கியிருக்காது" என்று சொல்லிச் சொல்லித்தான் அவவை ஆற்றி வைத்திருந்தார்களாம்.

எங்கள் ஒழுங்கையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, காருக்குக் காத்து நின்றதையும் சேர்த்தால்கூட, கால் மணித்தியாலம் வராது. ஒரு மணித்தியாலமென்று வல்லாஹி போட்டுச் சொன்ன எனக்கோ அப்போது மணி பார்க்கவே தெரியாது.