ஒரு சொடுக்கு இருட்டு

தாருஸ்ஸலாம் துறைமுகத்தில் கப்பல் இறக்கிவிடும் பழைய ஜப்பான் கார்களை லுசாக்காவரை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நமுகோலோவின் பிழைப்பு. வயது நாற்பத்தாறு. முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பதினோரு வருஷமாக இந்த வேலை. சொந்தமாகக் கார் இருந்ததில்லை. ஒவ்வொரு காரோடும் நாலு நாள் குடித்தனம், பிறகு சாவியை உரியவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவாள். ஒரு காரில் புகையிலை வாசம் இருக்கும். இன்னொன்றின் கதவில் ஏதோ ஒரு குழந்தை ஒட்டிய பூனைப்படம் இருக்கும்.

பொழுது சாய்ந்ததும் வண்டியை ஓரங்கட்டி, டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத்தான் மேலே போவாள். எண்கள் அணையப்போகிற கங்குபோல மங்கியிருக்க வேண்டும். அப்போது முன்கண்ணாடி என்ற ஒன்றே இல்லாததுபோலாகி, சாலை நேராகக் கண்ணுக்குள் வந்து இறங்கும். ஓட்டுகிறோமா மிதக்கிறோமா என்று அவளுக்கே தெரியாது.

அந்த ஊர்களில் குளிர்காலமான ஜூன் மாதம் கிடைத்தது ஒரு வெள்ளைக் கார். வழியில் எம்பிகா என்ற ஊரைத் தாண்டியதும் இருட்டிவிட்டது. டாஷ்போர்டு நடுவே இருந்த வழிகாட்டித் திரை மட்டும் நடுப்பகல்போல எரிந்தது. முழுக்கக் கடல் நீலம், நடுவே ஒரு சின்ன அம்புக்குறி. ஜப்பான் வரைபடம் மட்டுமே தெரிந்த அந்தத் திரையின் கணக்குப்படி அவள் எங்கோ கடலுக்குள் போய்க்கொண்டிருந்தாள். முன்கண்ணாடியில் அந்த நீலமும் தன் மூக்கும்தான் தெரிந்தன.

நிறுத்தினாள். எழுத்தெல்லாம் ஜப்பானியம். ஒன்றை அழுத்தினாள், ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு எதையோ சொன்னது. இன்னொன்றை அழுத்தினாள், அதே குரல், அதே பணிவு. வெளிச்சம் குறையவில்லை.

பின்னால் இன்னொரு காரை ஓட்டிவந்த சிகோட்டா இறங்கி வந்தான்.

"என்னக்கா, உள்ள கல்யாண வீடா? மூஞ்சியெல்லாம் நீலமா தெரியுது. பேயின்னே நெனச்சிட்டேன்."

"பேயா இருந்தா மொதல்ல உன்னத்தான் புடிச்சிருப்பேன். இவகிட்ட நீயே சொல்லு, வெளிச்சத்தக் கொறைக்கச் சொல்லி."

"அவ என்ன சொல்றா?"

"யாருக்குத் தெரியும்? கேக்க நல்லாத்தான் இருக்கு."

"துணியப் போட்டு மூடுக்கா. குளுருது, நான் கெளம்புறேன்."

அவன் முந்திப் போய்விட்டான். நமுகோலோ பாவாடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கேத் துணியை அவிழ்த்துத் திரைமேல் தொங்கவிட்டாள். பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் துணி நழுவி, நீலம் பொங்கி வழிந்தது. மறுபடி நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு அடியில் விரலால் துழாவினாள். மற்ற கார்களில் இல்லாத இடத்தில் ஒரு சின்னச் சக்கரம் தட்டுப்பட்டது. யாரோ அதைக் கடைசிவரை மேலே தள்ளி வைத்திருந்தார்கள். அது அங்கே இருக்கும்வரை, முன்விளக்கைப் போட்டாலும் காருக்குப் பகல்தான். பார்வை மங்கிய கிழவரோ, இருட்டுக்குப் பயந்த பெண்ணோ, யார் தள்ளியிருப்பார்கள்? ஒரு சொடுக்கு கீழே இறக்கினாள்.

கடல் அடங்கியது. வானம் முழுக்க வெளியே வந்து நின்றது.

கொஞ்ச தூரத்தில் சாலையோரம் வெள்ளை வெள்ளையாக ஏதோ அசைந்தது. கொக்குக் கூட்டமென்று முதலில் நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, தலையில் வெள்ளைத் துணி கட்டி, ஜெபக்கூட்டம் முடிந்து வீடு திரும்பும் பெண்கள். அவள் காரை நடைவேகத்துக்குக் குறைத்தாள். ஒருத்தி ஜன்னலருகே குனிந்தாள்.

"பாத்துப் போம்மா, பின்னால இன்னும் ஆளுங்க வர்றாங்க!"

அந்த நேரம் பார்த்துத் திரைக்காரியும் பணிவாக எதையோ சொன்னாள்.

"பாத்துட்டேன்டியம்மா," என்றாள் நமுகோலோ, இருவருக்கும் சேர்த்து. கடைசிப் பெண் கடந்து போகும்வரை மிதந்தபடியே சென்றாள்.

லுசாக்காவில் காரை வாங்கிக்கொண்ட மருந்துக்கடைக்காரர் கபாசோவுக்குச் சக்கரத்தைக் காட்டிக்கொடுத்தாள்.

"இந்தப் பொம்பளக் கொரல நிறுத்த முடியாதாம்மா?"

"முடியும்னுதான் நெனக்கிறேன் சார். நான் நிறுத்திப் பாக்கல."

அடுத்த வாரம் அவளுக்குக் கிடைத்தது ஒரு மீன்வண்டி. அதில் திரையே கிடையாது.