அந்தோனியாருக்குப் பின்னால் ஒரு பத்திரம்

இங்கே கியூபெக்கில், ஜான்-டலோன் சந்தையில் என்னோடு தக்காளி அடுக்கும் லூசி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். "என் மகள். சீனாவிலிருந்து தத்தெடுத்தோம்." அடுத்த படம் நாய். அதுவும் தத்துத்தானாம். யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தேன். இப்படியொரு விஷயத்தைத் தக்காளிக்கு நடுவில் போட்டு உடைப்பார்களா? எங்கள் ஆட்கள் ஊர் முழுக்கத் தெரிந்த இரகசியத்தைக்கூட, உரியவருக்கு மட்டும் தெரியாமல் கட்டிக்காப்பார்கள். நானும் பன்னிரண்டு வருடம் காத்தேன்.

எங்கள் ஜெனி, என் மனைவியின் தங்கை பெற்ற பிள்ளை. மன்னாரில் அவர்களுக்கு மூன்று பெண்கள், எங்களுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதை ஆறு மாதக் குழந்தையாக எங்கள் கையில் தந்தார்கள். அன்று தங்கை பிள்ளையின் சட்டைப் பொத்தானை மட்டும் திரும்பத் திரும்பப் பூட்டினாள். அரசாங்கக் கடதாசிகளில் நாங்களே பெற்றோர். ஆனால் கோவில் பதிவை யார் மாற்றுவது? ஞானஸ்நானப் பத்திரத்தில் தங்கையின் பெயரும் அவள் கணவன், அதாவது என் சகலனின் பெயரும் குந்திக்கொண்டிருந்தன. அதை வீட்டுப் பீடத்தில், அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இப்போது ஜெனியின் உறுதிபூசுதல் சடங்குக்கு அந்தப் பத்திரம் வேண்டுமாம். அதைப் பார்த்துப் பிள்ளையே படிவத்தை நிரப்ப வேண்டுமாம். அதை வாசித்தபின் அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவாளா?

அந்த நேரம் பார்த்தா படம் காட்ட வேண்டும்! செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் கோவிலைப் பிலிப்பைன்ஸ்காரரோடு பங்கிட்டுக்கொள்கிறோம். ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு, அவர்களின் பாடகர் குழுத் தலைவி லோர்னா எல்லோரையும் நிலவறை மண்டபத்துக்கு அழைத்தாள். அவர்களின் நூடுல்ஸ், எங்கள் ரோல்ஸ், கூடவே ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பப் படம். அடியில் ஆங்கிலம் ஓடியது. ஆங்கிலம் வராத எங்கள் பெண்களுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். ஜெனி என் பக்கத்தில். பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது, கதையே தத்துப் பிள்ளையைப் பற்றியது. பணக்கார வீட்டில் வளரும் பெண், சந்தையில் மீன் விற்கும் தன் தாயைத் தேடுகிறாள்.

"தம்பி, ஆர் அந்த மீன்காரி?" என்று பின்வரிசையிலிருந்து றோசலின் அக்கா கேட்டார். எங்கள் இரகசியத்தின் மூத்த காவலாளி அவர்.

"பழைய வேலைக்காரி, அக்கா."

திரையில் பெண் ஓடிப்போய் மீன்காரியின் காலில் விழுந்தாள். மழை கொட்டியது. லோர்னா விம்மி விம்மி அழுதாள்.

"வேலைக்காரியைக் கண்டதுக்கு இந்தப் பிள்ளை ஏன் இப்பிடி அழுகுது?"

"நல்ல வேலைக்காரி, அக்கா."

"அப்பா, பிழையாச் சொல்லுறீங்கள்," என்றாள் ஜெனி, மண்டபத்துக்கே கேட்க. "அது அவவைப் பெத்த அம்மா." எனக்கு முன்னமே அவள் ஆங்கிலத்தை வாசித்து முடிக்கிறாள் என்பதை நான் யோசிக்கவேயில்லை. றோசலின் அக்கா கூரையை ஆராய்ந்தார். சமையலறை வாசலில் ரோல்ஸ் தட்டோடு நின்ற என் மனைவி அப்படியே உள்ளே திரும்பிப் போனாள்.

அந்தப் படத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லி, கத்தி, கன்னத்தில் அறைந்து, கடைசியில் கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் மூவரும் பேசாமல் பேருந்து ஏறினோம். பாதி வழியில் அவளே தொடங்கினாள்.

"போயும் போயும் அந்தோனியாருக்குப் பின்னாலயா ஒளிச்சு வைக்கிறது? போன வருசம் பஸ் பாஸைத் துலைச்சிட்டு அவரிட்டைத்தானே போனனான்."

தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவரிடமே ஒளித்து வைத்த புத்திசாலி நான்.

"பிறகு ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் அழுவீங்கள் எண்டு." நான் அழுதேன். பேருந்துச் சாரதி கண்ணாடியில் பார்த்தான்.

மறுவாரம் அவள் நிரப்பிய படிவத்தைக் கோவில் காரியாலயத்தில் கொடுத்தேன். தாய், தகப்பன் என்ற இடங்களில் பத்திரத்தில் உள்ளபடி மன்னார்ப் பெயர்கள். கீழே, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர். உறவுமுறை: அப்பா. காரியதரிசி அம்மையார் இரண்டு அப்பாமாரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெஸ்யூ, இது கியூபெக். நாங்கள் திறந்த மனசுக்காரர். பங்குச் சுவாமியிடம் மட்டும் சொல்லாதீர்கள்," என்று சொல்லி முத்திரை குத்தினார். என்னையும் என் சகலனையும் அவர் தம்பதியாக்கிவிட்டார் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. விளக்க என் பிரெஞ்சு போதாது. திரும்பிப் போனால் படிவத்தை வேறு திருத்தச் சொல்வார். பேசாமல் வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டுத் தொலைபேசி அடித்தால் முதலில் ஓடுகிறவன் நான். பள்ளிக்கூடத்திலிருந்து என்றால் ஜெனியின் அப்பா. மன்னாரிலிருந்து என்றால் அவளுடைய பெரியப்பா. எடுத்து ஹலோ சொல்லும்வரை நான் யாரென்று எனக்கே தெரியாது.