மூன்று மணிக்குச் சாப்பிட வந்தவர்

செய்தி வந்தபோது காலை நாஷ்டாக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கல்லாவில் இருந்த போனை நான்தான் எடுத்தேன். பேசியது வேன் டிரைவர் தணிகாசலத்தின் மருமகன். "மாமா பூட்டாரு பாய். விடியக்காலைல, தூக்கத்துலயே. வெயில் தாங்காது, பன்னெண்டுக்குள்ள எடுத்துடறோம்" என்றார். சமையல்கட்டுக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் அடுப்பைத் தணித்துவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "நானும் வர்றேன் பாய். அந்தாளு என்னைத் திட்டின திட்டுக்கு நான் வராம இருந்தா நல்லாருக்காது" என்றார்.

இந்த நினைவு மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் தணிகாசலத்தின் பச்சை வேனில் ஏறியிருப்பீர்கள். மீதிப் பேர் ஏறினவர்களிடம் விசாரித்து அவர் சொன்ன இடத்தில் சாப்பிட்டிருப்பீர்கள். உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம் கூடினாலும் ஜோசியரைப் பார்த்த கையோடு அவரைப் பார்த்துவிடுவார்கள். காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போக வேண்டும் அல்லவா? முகூர்த்தம் எல்லாம் சித்திரையிலும் வைகாசியிலும்தான் குவியும். வெயிலும் அப்போதுதான் கொளுத்தும். பத்து மணிக்குப் பட்டுக்கடைக்குள் நுழையும் பெண்கள் மூன்று மணிக்கு முன்னால் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. கடைக்காரர் கொடுத்த கலர் சோடா வயிற்றில் குலுங்க, வெளியே வந்து நிற்கும் இருபது பேரும் டிரைவரைத்தான் பார்ப்பார்கள். எங்கே சாப்பிடலாம்?

இதற்குப் பதில் சொல்வது சாமானியமில்லை. தப்பான இடத்தில் இறக்கிவிட்டால் வீடு போய்ச் சேருவதற்குள் சம்பந்திகளுக்குள் முகம் கோணிவிடும். மாப்பிள்ளையின் அத்தைக்குப் புளித்த மோர் வந்தது, பெண்ணின் சித்தப்பாவுக்குச் சோறு விறைத்துக் கிடந்தது என்று அது மணவறை வரைக்கும் வரும். தணிகாசலத்துக்கு இது தெரியும். அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சவாரி இல்லாத நாளில், மூன்று மணிக்கு, தனியாளாகப் போய் ஒவ்வோர் ஓட்டலிலும் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பார்ப்பார். கேட்டால், "பன்னெண்டு மணிக்கு எல்லா ஓட்டலும் நல்ல ஓட்டல்தான். மூணு மணிக்கு எவன் நல்ல சோறு போடறானோ அவந்தான் ஓட்டல்காரன்" என்பார்.

என் கதைக்கு வருகிறேன். சைக்கிளில் முட்டை விற்று, பிறகு வெங்காய மண்டி வைத்து, கடைசியில் மண்டியையும் கைமாற்றிவிட்டுத் தொண்ணூறுகளின் நடுவில் இந்த ஓட்டலைத் தொடங்கினேன். காஞ்சிபுரத்தைத் தாண்டி உத்திரமேரூர் சாலையில் திரும்பியதும் இடது கைப் பக்கம். இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன், அதில் பிசகில்லை. மண்டி போய்விட்டது, திரும்பிப் போக வழியில்லை. முதல் கோடையில் ஓட்டல் நிற்க வேண்டும், இல்லையென்றால் நான் மறுபடி சைக்கிளில் ஏற வேண்டும். நிலைமை அவ்வளவுதான்.

வியாபாரி புத்தி என்ன சொல்லும்? கூட்டத்தைக் கொண்டுவருகிறவனைக் கவனி என்று சொல்லும். சாலையோர ஓட்டல்களில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம் என்பது ஊரறிந்த வழக்கம். நான் அதை ஒரு படி மேலே கொண்டுபோனேன். டிரைவர்களுக்கென்று பின்னால் தனி அறை, மேலே மின்விசிறி, படுக்க இரண்டு கயிற்றுக் கட்டில், சாப்பாட்டோடு வறுவல். ஒரே மாதத்தில் அந்தச் சாலையில் ஓடும் வேன் எல்லாம் என் வாசலில் நின்றது. ஒரே ஒரு வேன் நிற்காமல் போனது. அது பச்சை வேன்.

முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். மற்ற வேன்களில் வந்த குடும்பங்கள் ஒரு தடவை வந்தன. அதே ஊரிலிருந்து அடுத்த கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்தவர்கள் என் வாசலைத் தாண்டிப் போனார்கள். வைகாசி பிறக்கும்போது மூன்று மணிக்கு என் பெஞ்சுகளில் பாதி காலியாக இருந்தது. என் மைத்துனர் மட்டும், "டிரைவர் ரூம் ஃபுல்லா கீது மச்சான், கவலப்படாத" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓசியில் சாப்பிடுகிறவன் நிறைந்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படும் ஒரே முதலாளி நானாகத்தான் இருந்திருப்பேன்.

ஒரு நாள் உத்திரமேரூர் பெட்ரோல் பங்கில் தணிகாசலத்தைப் பிடித்தேன்.

"இன்னா தணிகாசலம், நம்ம கடை உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியுதே பாய். போர்டு பெருசா தானே கீது."

"அப்பறம் ஏன் நிக்க மாட்டேங்கற? உனக்கு இன்னா செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் செய்ய வேணாம். நான் ஒரு நாளு வந்து துன்னுட்டுச் சொல்றேன்."

"என்னிக்கு வர்ற?"

"அதச் சொன்னா நீ எனக்குச் சமைப்ப. நீ உன் கடைக்குச் சமைச்சிக்கினு இரு."

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் வந்தார். மூன்று மணி. டிரைவர் அறைக்கு அழைத்தேன், வரவில்லை. பொதுப் பந்தியில், வெயில் அடிக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். இலை விரித்துச் சாப்பாடு போட்டோம். குழம்பு, ரசம், பொரியல், மோர் என்று ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். நிதானமாகச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கல்லாவில் காசை வைத்தார்.

"எப்படி கீது?" என்றேன்.

"நான் தேடிக்கினு வந்தது இங்க இல்லியே பாய்."

"எது இல்ல?"

"ஊரு பூரா டிரைவருங்க உன் வறுவலைப் பத்தித்தான் பேசிக்கினு கீறானுங்க. கொழம்பு அப்படி கெட்டியாம், சோறு பூவாட்டம் கீதாம். எனக்கும் ஆசை வந்துச்சு. இங்க வந்து பாத்தா கொழம்பு தண்ணியா ஓடுது, மோரு பல்லைக் கூசுது. அப்ப நல்ல சோத்தை எல்லாம் காசு குடுக்காதவனுக்குப் போட்டுட்டு, காசு குடுக்கறவனுக்கு மிச்சத்தைப் போடற. நீ யாருக்குய்யா ஓட்டல் நடத்தற?"

சமையல்கட்டு வாசலில் நின்ற மாஸ்டர் குறுக்கே வந்தார். "மூணு மணிக்கு வந்துட்டு கெட்டிக் கொழம்பு கேட்டா எப்படிண்ணே?" என்றார்.

"மூணு மணிக்கு வர்றவனுக்குப் பசி கம்மியா இருக்கும்னு உனக்கு எவன் சொன்னான்? காலைல இருந்து கடை வாசல்ல குந்திக்கினு இருக்கறவனுக்கு நீ கழுவுத் தண்ணிய ஊத்தற. இதுக்கு மாஸ்டர்னு வேற பேரு."

மாஸ்டர் முகம் சிவந்துவிட்டது. நான் அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்க்கவெல்லாம் இல்லை. அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. வழக்கத்தைப் பின்பற்றியது தப்பில்லை. ஆனால் டிரைவர் கூட்டத்தை ஒரு தடவைதான் கொண்டுவருவான், மறுபடி வரவைப்பது பந்தியில் போடும் சோறுதான். மறுநாளே டிரைவர் அறையை மூடினேன். கட்டில்களைக் காய்கறி அடுக்க எடுத்துக்கொண்டோம். டிரைவர்களும் வந்தால் பந்தியில் உட்காரலாம், காசு கொடுக்கலாம் என்றேன். வேன்கள் கொத்தாக வராமல் நின்றுபோயின. மைத்துனர் என்னைப் பைத்தியம் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இன்னொன்றும் செய்தோம். இரண்டு மணிக்கு இரண்டாவது உலை. சோறும் குழம்பும் புதிதாக, அளவு குறைவாக. தயிரை இரண்டு தடவையாகத் தோய்த்து, இரண்டாவது பானையை மத்தியானம் வரைக்கும் ஈர மணலில் வைத்தோம். வெயிலுக்கு ஏற்ற மாதிரி மாங்காய்ப் பச்சடி, வெள்ளரிக்காய், மோர்க்குழம்பு. ஏரி மீன் கிடைக்கிற நாளில் மீன் குழம்பு. முதல் பத்து நாள் அந்த இரண்டாவது உலையை நாங்களும் வேலைக்காரர்களுமே சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. காசு கொடுத்துச் சாப்பிடத்தான் ஆள் வரவில்லை.

பிறகு ஒரு நாள் தணிகாசலத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேன் வந்து நின்றது. மானாம்பதிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெரியவர் ஒருவர் கல்லாவுக்கு வந்து, "பச்சை வேன்காரரு சொன்னாரு. மீன் கொழம்பு கேளுங்க, பிரியாணி மட்டும் வாங்கிடாதீங்கன்னு சொன்னாரு" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பாய் கடையில் பிரியாணி வாங்காதே என்று ஊரெல்லாம் சொல்கிறவரை என்ன செய்வது? அடுத்த தடவை பார்த்தபோது கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார்.

"பாயா பொறந்துட்டா பிரியாணி நல்லாத்தான் இருக்கணும்னு சட்டமா? நீ கல்லாவுல இல்லாத நாளா பாத்து மறுபடி வந்து துன்னேன். உன் கறி வேகல, அதச் சொன்னேன். இன்னா தப்பு?"

"சொல்லாம இருந்திருக்கலாமே."

"ஒரு கொறை சொல்லாம அனுப்பினா அது நோட்டீஸ் ஒட்டற வேலை பாய். எவன் நம்புவான்? பிரியாணி வேணாம்னு சொன்னதாலதான் மீன் கொழம்ப நம்பி வந்தான்."

உண்மை. அந்தக் கோடை முடியும்போது என் ஓட்டல் நின்றுவிட்டது. மூன்று மணிப் பந்திக்கு ஆட்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். பிரியாணியை மட்டும் சரியாக்க எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அது சரியான பிறகும் அவர் எனக்காக வேறு குறை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். காபி.

என் கடையை மட்டும் அவர் சொன்னார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வைகாசியில் தண்ணீர் வற்றும்போது தென்னேரிக்குப் போனால் கரையோரக் கொட்டகையில் கெளுத்தி மீன் வறுவல். உடனே, "ஆனா சோறு வூட்லேந்து கொண்டு போ, அவுங்க சோறு குழைஞ்சிடும்" என்பார். காலையில் கிளம்புகிறவர்களுக்கு ஐயங்கார்குளம் திருப்பத்தில் தள்ளுவண்டிக் கூழ். "கருவாடு நல்லாருக்கும், சொம்பு மட்டும் நீயே ஒரு வாட்டி கழுவிக்கோ." எந்த இடத்தைச் சொன்னாலும் அதன் குறையும் கூடவே வரும். குறை சொல்லப்பட்ட கடைக்காரர்களும் அவர்மேல் கோபித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு தடவை என் கடை வாசலிலேயே ஒன்று நடந்தது. பட்டெடுத்து முடித்த மகிழ்ச்சியில் மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன்கள் மூன்று பேர் அவரைத் தனியே கூப்பிட்டு, நல்ல பார் எங்கே என்று விசாரித்தார்கள். தணிகாசலம் என் பக்கம் திரும்பி, "பாய், நீ கொஞ்சம் காதப் பொத்திக்கோ" என்றார். எனக்கு அந்தப் பக்கம் வழக்கமில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

"வேப்பமரம் கீற பாருக்குப் போங்க. காத்து வரும். அங்க ஒரு அம்மா போடற வேர்க்கடலையும் மாங்காயும் நல்லாருக்கும். முட்டைய வாங்காதீங்க. ஆனா இப்ப இல்ல. இந்த வெயில்ல குடிச்சா வேன்லயே கவுந்துடுவீங்க. பொம்பளைங்க துன்னு முடிக்கட்டும், பொழுது சாயட்டும்."

ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ டிரைவரா, பொண்ணுக்குத் தாய்மாமனா?"

"பொண்ணுக்கு எடுத்த பொடவை இன்னா கலருன்னே தாய்மாமனுக்குத் தெரியாது. நான் முந்தானை வரைக்கும் சொல்லுவேன். குந்துங்க, மோரு வருது."

மூன்று பேரும் குந்தினார்கள். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

செல்போன் வந்த பிறகு அவருக்கு வேலை கூடியது. கண் மங்கி வேனை மருமகனிடம் கொடுத்த பிறகும் போன் நிற்கவில்லை. திண்டிவனத்திலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டு, "அண்ணே, குடும்பத்தோட வர்றோம், எங்க சாப்புடலாம்?" என்பார்கள். அவர் மருமகனை அனுப்பி மூன்று மணிக்குச் சாப்பிட்டுவரச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார். மருமகன் ஒரு முறை போகாமலே போனதாகச் சொல்லிவிட்டார். "மோரு எப்படி?" என்று ஒரே கேள்வி கேட்டுப் பிடித்துவிட்டாராம். மருமகன் நல்லாருக்கு என்றாராம். அந்தக் கடையில் மோரே ஊற்றுவதில்லை.

அவரை எடுத்த அன்று நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். திரும்பிக் கடைக்கு வந்தபோது மூன்று மணி ஆகியிருந்தது. மாஸ்டரும் என்னோடு வந்துவிட்டதால் இரண்டாவது உலை ஏறவில்லை. காலையில் வடித்த சோறு இருந்தது, காலைக் குழம்பு இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. கைநிறையப் பட்டுக்கடைப் பைகள், இருபது பேர். முன்னால் வந்த அம்மா, "தணிகாசலம் அண்ணன் போன வாரமே சொல்லிட்டாருங்க, உங்க கடைலதான் சாப்புடணும்னு" என்றார்.

மைத்துனர் இலையை எடுக்கப் போனார். சோறு கெட்டுப்போகவில்லை. சூடு பண்ணிப் போட்டிருந்தால் பசியில் சாப்பிட்டிருப்பார்கள். நான் கல்லாவைவிட்டு இறங்கி அந்த அம்மாவிடம் சொன்னேன்: "இன்னிக்கு நம்ம கடை சரியில்லம்மா. எதிர்ல கீற மெஸ்ஸுக்குப் போங்க. சாம்பார் நல்லாருக்கும். அப்பளம் எண்ணெய் குடிச்சிருக்கும், அத வேணாம்னு சொல்லிடுங்க."

அவர்களைச் சாலை தாண்டி நானே கொண்டுபோய் விட்டேன். பன்னிரண்டு வருஷமாக என்னோடு போட்டி போடும் மெஸ்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா பாய், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. சீக்கிரம் இலையப் போடு, பசியோட கீறாங்க" என்றேன்.

கைக்கு வந்த வாடிக்கையை எதிர்க்கடைக்கு அனுப்பும் துணிச்சல் என்னிடம் பிறவியில் கிடையாது. முட்டை விற்ற காலத்தில் இருந்திருந்தால் நான் மண்டி வைத்தே இருக்க மாட்டேன். அது தணிகாசலத்துடையது. இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த அம்மா மறுவாரம் தன் அக்கா வீட்டாரை அழைத்துக்கொண்டு என் கடைக்கே வந்தார். வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு எது வேணாம், அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

"காபி" என்றேன்.