ஃபெலிஸ்மினாவின் குளிர்ந்த கை

ஆடு என்னுடையது. பால் என்னுடையது. அந்த ஆடுகளுக்குப் பின்னால் மழையிலும் பனியிலும் மலை ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால் என்னுடையது. ஆனால் எங்கள் பெனேது ஊரில் மட்டுமல்ல, கீழே பெரிய சந்தை வரைக்கும் அந்தப் பாலாடைக்கட்டிக்குப் பெயர் ஃபெலிஸ்மினா கட்டி. இத்தனை வருடத்தில் ஒரு மனிதனாவது ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அமாதேவுவோட ஆட்டுப் பால் இது" என்று சொன்னதில்லை. எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "அந்தக் கை! அடடா, அந்தக் கை!"

ஃபெலிஸ்மினா என் அண்ணன் எவரிஸ்துவின் மனைவி. அவளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே அந்தக் கைதான்.

எங்கள் மலையில் செம்மறிப் பாலைத் திரிய வைப்பது ஊதா நிற முள்பூ. காய்ந்த பூவை உப்போடு இடித்து ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் பாலில் விடுவோம். அதுவரைக்கும் எந்த வீட்டிலும் ஒரே மாதிரிதான். அதற்குப் பிறகுதான் கை. திரிந்த பாலை அள்ளி வளையத்துக்குள் போட்டு உள்ளங்கையால் மெல்ல அழுத்தித் தண்ணீரை வடிக்க வேண்டும். சூட்டுக் கை பட்டால் கொழுப்பு உருகித் தண்ணீரோடு ஓடிவிடும், மிஞ்சுவது சக்கை. குளிர்ந்த கை பட்டால் கொழுப்பு உள்ளேயே நின்று, கட்டி பழுத்ததும் வெண்ணெய் மாதிரி வழியும். அதனால் மந்தை வைத்திருக்கிற வீட்டில் பெண் பார்க்கப் போனால் முகத்தைப் பிறகு பார்ப்பார்கள். முதலில் கையைப் பிடிப்பார்கள்.

அவளை முதலில் பார்த்தவன் நான். சாவோ ஜோவாவ் புனிதரின் திருவிழாவில் நெருப்புத் தாண்டும்போது பார்த்தேன், அவளோடு ஆடவும் செய்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் நான்தான். அம்மா குளிர்காலத்தில், பன்றி அடிக்கும் நாளாகப் பார்த்து, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். ஃபெலிஸ்மினா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை.

"ஏ மாதாவே! கல்லு மாதிரி இருக்குடீ உன் கை!"

திரும்பி வரும் வழியிலேயே முடிவாகிவிட்டது. மந்தை மூத்தவனுக்கு. கை மந்தையோடு போகும். ஆகவே பெண்ணும் மூத்தவனுக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவரிஸ்து பாதை முழுக்க விசிலடித்துக்கொண்டு வந்தான். அந்த விசிலை இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அடுத்த குளிர்காலம் எனக்கு ஒலிந்தாவைப் பார்க்கப் போனோம். அவள் அடுப்படியில் செஸ்ட்நட் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கையைத் தொட்டாள், உதட்டைப் பிதுக்கினாள். "சூட்டுக் கை. பரவால்ல, இவனுக்கு மந்தையா இருக்கு?" என்றாள், என் காது கேட்கவே. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த ஒலிந்தாவைத் திரிந்த பாலுக்குப் பக்கத்தில்கூட யாரும் விட்டதில்லை. உருளைக்கிழங்கு தோண்டினாள், துணி துவைத்தாள், ரொட்டி சுட்டாள். ரொட்டிக்குச் சூட்டுக் கை நல்லது என்று ஃபெலிஸ்மினா ஆறுதல் சொல்வாள். அந்த ஆறுதலைவிட ஒரு அறையே வாங்கியிருக்கலாம்.

பிறகு எவரிஸ்து மரம் வெட்டும்போது அடிபட்டுச் செத்தான். அவர்களுக்குப் பிள்ளையில்லை. மந்தை எனக்கு வந்தது. இனிமேலாவது காலம் மாறும் என்று நினைத்தேன். என்ன மாறியது? தினமும் காலையில் பால் கேனைத் தூக்கிப்போய் அவள் வீட்டு மதிலுக்கு மேலே வைக்கிற வேலை எனக்கு வந்தது. அவள் மூடியைத் திறப்பாள், மூக்கை நீட்டுவாள்.

"கொழுந்தனாரே, நேத்து எங்க மேய்ச்சீரு? காட்டு வெங்காய வாடை வருது."

"ஆடு திங்கறத நான் போயி வாய்ல கைவிட்டுப் புடுங்க முடியுமா அண்ணி?"

"ஆட்டுக்காரன்னா புடுங்கணும். உங்கண்ணன் புடுங்குவான்."

செத்துப்போனவனோடு எப்படிப் போட்டி போடுவது?

மதுக்கடையில் என்னைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள். "அமாதேவு, ஆட்டுக்குப் போடற வைக்கோலை உங்க அண்ணி கைக்குப் போடுய்யா, அதுதான் பால் கறக்குது!" என்பான் ஒருவன். மற்றவர்கள் மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள். கட்டி வாங்க வருகிற கஸ்தோதியு இன்னும் மோசம். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றுவான், கோயிலில் புனிதரின் பாதத்தைத் தொடுகிற மாதிரி அவள் விரல் நுனியைத் தொட்டு, "ஐஸ்! ஐஸ்!" என்பான். பிறகு எனக்குக் கை கொடுப்பான். கொடுத்துவிட்டுக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஜனவரி காலையில் கேனோடு போனேன், மதிலருகே அவள் இல்லை. கூப்பிட்டேன். வீட்டுக்குப் பின்பக்கமிருந்து ஒரு முனகல். சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், கருங்கல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உறைந்த தரையில் சறுக்கி விழுந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மணிக்கட்டு கோணிக்கொண்டு நிற்கிறது. இரண்டு கையிலும் சட்டை முழங்கைக்கு மேலே சுருட்டியிருக்கிறது. கை இரண்டும் நனைந்து சிவந்திருக்கிறது. தொட்டியில் ஐஸை உடைத்து ஒரு பொந்து போட்டிருக்கிறது, இரண்டு கை நுழைகிற அளவுக்கு.

தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரை எலும்பு கட்டுகிறவரிடம் விரட்டினேன். அவர் வரும் வரைக்கும் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலிக்கு அவள்தான் பிடித்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். முதலில் ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி சுட்டது. என் ஒலிந்தா கையைவிடச் சூடு.

"அண்ணி, உன் கை சுடுது."

"அடுப்புகிட்ட இருந்தா சுடாதா? விடு."

"என் கை சுடலியே. நானும் அதே அடுப்புகிட்டதானே இருக்கேன். தொட்டியில என்ன பண்ணிட்டிருந்தே?"

அவள் அந்த வலியிலும் சிரித்தாள்.

"உங்கம்மா என் கையைத் தொட்டாளே, அன்னிக்கு நான் எங்கேர்ந்து வந்தேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? பன்னிக் குடலை ஆத்துல அலசிட்டு வந்தேன். ஜனவரி ஆத்துத் தண்ணி. அதுல முக்கினா உங்கம்மா கையும் கல்லாத்தான் இருக்கும்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எதுக்குச் சொல்லணும்? வீடு இருந்துச்சு, மந்தை இருந்துச்சு, உங்கண்ணன் பாக்க நல்லாயிருந்தான்."

"நானும்தான் நல்லாயிருந்தேன்."

"நீ ஆடறேன்னு என் காலை மிதிச்சவன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. எல்லாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி தொட்டிக்குப் போயிடுவேன். கை மரத்துப்போற வரைக்கும் முக்கி வச்சிட்டு, நேரா பாலுக்குப் போவேன். மரத்த கையில அழுத்தறது என்னன்னு உனக்குத் தெரியாது கொழுந்தனாரே. கட்டி இருக்கா இல்லையான்னே தெரியாது. கண்ணாலதான் அழுத்தணும்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு வந்தது எரிச்சல். பன்றிக் குடல்! ஒரு வாளி பன்றிக் குடலுக்காக அவள் அவனுக்குப் போனாள், பெயர் அவளுக்குப் போனது, என் வீட்டில் ஒருத்தி சூட்டுக்கைக்காரி என்று தலையைக் குனிந்துகொண்டு திரிந்தாள்.

வீட்டுக்கு ஓடி ஒலிந்தாவிடம் கொட்டினேன். அவள் கத்துவாள், மாமியாரைத் திட்டுவாள், என்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று பார்த்தேன். அவள் ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நேத்துப் பால் அங்க திரிஞ்சு கிடக்கா?"

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீ என்ன கேக்கறே?"

"தள்ளுய்யா. நம்ம பால்யா அது."

நேராகத் தொட்டிக்குப் போனாள். சட்டையைச் சுருட்டிக் கையை உள்ளே விட்டாள். அவள் வாயில் அன்று வந்த வார்த்தைகளைப் பாதிரியார் கேட்டிருந்தால் ஞானஸ்நானத்தைத் திருப்பி வாங்கியிருப்பார். பிறகு பலகைக்கு முன்னால் நின்றாள். ஃபெலிஸ்மினா கட்டுப் போட்ட கையோடு முக்காலியில் உட்கார்ந்து கத்தினாள்.

"மெதுவாடி! ரொட்டிக்கு மாவா பிசையறே? கன்னத்தைத் தடவற மாதிரி அழுத்து."

"யார் கன்னத்தை?"

"உன் புருஷன் கன்னத்தை இல்ல. அதுல முள்ளு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கேனைக் கழுவப் போனேன்.

அந்த மணிக்கட்டு கோணலாகவே ஒட்டியது. விரல்கள் மடங்கவில்லை. ஃபெலிஸ்மினா அதற்குப் பிறகு கட்டி செய்யவேயில்லை. ஆனால் அது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒலிந்தா செய்த முதல் கட்டிகள் பழுத்ததும் கார்னிவலுக்கு முந்திய சந்தைக்குக் கொண்டுபோனோம். கஸ்தோதியு ஒன்றை எடுத்துத் துணிப்பட்டையை அவிழ்த்தான், மேல் தோலை மூடி மாதிரி வெட்டித் தூக்கினான். உள்ளே மஞ்சளாக, மெத்தென்று, கத்தியோடு வழிந்து வந்தது. நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கை ஒடிஞ்சாலும் ஃபெலிஸ்மினா ஃபெலிஸ்மினாதான்யா!"

ஒடிந்த கையால் எப்படிச் செய்தாள் என்று அந்த மடையனுக்குத் தோன்றவில்லை. கூட்டம் கை தட்டியது. பால் என்னுடையது, கை என் பெண்டாட்டியுடையது, தொட்டி மட்டும்தான் அவளுடையது. நான் வாயைத் திறந்தேன். ஒலிந்தா என் காலை மிதித்தாள்.

"சொல்லு. சொல்லிட்டு, நாளைக்குக் காலைல உன் கையை ஐஸ்ல விட்டு நீயே அழுத்து. இந்தப் பேருக்குத்தான் ஜனங்க வர்றாங்க."

மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஃபெலிஸ்மினாவைப் பார்த்தேன். அவ்வளவு கைதட்டல் வாங்கியவள் முகம் சுளித்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உப்புத் தூக்கல்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

எனக்கு உடனே புரிந்தது. அந்த முகத்தை நான் எத்தனை வருடமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்! அன்று இரண்டு கோப்பை ஒயின் கூடுதலாகக் குடித்தேன், சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு வருடக்கணக்காக அவள் ஒலிந்தாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து குறை சொன்னாள். பூத்தண்ணீர் அதிகம், கசக்கும். துணிப்பட்டை இறுக்கம், வயிறு பிதுங்கும். கழுவினது போதாது. தட்டு ஈரமாக இருக்கிறது. அவள் சொன்னதில் பாதி சரி, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் ஒலிந்தா கையால் செய்த ஒரு கட்டியையும் அவள் சாப்பிட்டதில்லை. ரொட்டியோடு தட்டில் வைத்தால் ரொட்டியை மட்டும் எடுப்பாள். தோலை நகத்தால் சுரண்டி முகர்ந்துவிட்டுத் தள்ளி வைப்பாள். "எனக்கு இப்பெல்லாம் கட்டி ஒத்துக்கறதில்ல" என்பாள். ஊரில் கேட்கிறவர்களிடம் ஒலிந்தாவைக் காட்டி, "பாவம், கூடமாட ஒத்தாசை பண்றா" என்பாள். ஒலிந்தா சிரித்துக்கொண்டு கட்டியைத் திருப்பி வைப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு வராது. எனக்காக ஒரு தடவை, அவளுக்காக ஒரு தடவை, இரண்டு மடங்கு வயிறு எரிந்தேன்.

போன குளிர்காலம் ஃபெலிஸ்மினாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சூப்பைக் கொடுத்தால் துப்பினாள். டாக்டர் வந்து போனார், பிறகு பாதிரியார் வந்து போனார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அமாதேவு." கொழுந்தனார் என்று சொல்லவில்லை. "கட்டி அறையில மேல் தட்டு, சுவரோரமா பழுத்தது ஒண்ணு இருக்கும். அழுத்தினா விரல் போகும். அதைக் கொண்டா."

கொண்டுவந்தேன். பட்டையை அவிழ்த்து மேல் தோலை வெட்டித் தூக்கினேன். ஒலிந்தா வாசலிலேயே நின்றாள், கையை ஏப்ரனுக்குள் சுற்றிக்கொண்டு. உள்ளே வா என்று தலையசைத்தேன், வரவில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஃபெலிஸ்மினா வாயருகே கொண்டுபோனேன். நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். அசையவே இல்லை. தொண்டை மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

காத்திருந்தேன்.

"சொல்லு அண்ணி, உப்பா? கசப்பா? ஏதாவது ஒண்ணு இருக்குமே உனக்கு."

அவள் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாயை மூடிட்டு, இன்னொரு கரண்டி எடுடா."