முந்நூறு வருட முழங்கால்

பழமையானது என்று யாராவது சொன்னதும் தலையாட்டுகிறீர்களே, ஆதாரம் எங்கே என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

சீகிரியாவில் த்ரீவீலர் ஓட்டும் ஜவாஹிர், கல்யாண ஊர்வலங்களில் சிலம்பம் ஆடியவர். முன்பு ஒரு ஹோட்டலில் வேலை செய்தபோது, பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தனியாளாக மாடிக்கு ஏற்றச் சொன்னார்கள். படியில் சறுக்கியது. வலது முழங்கால் நொறுங்கியது. வைத்தியசாலை வாசலில் இறக்கிவிட்டதோடு ஹோட்டலின் மனிதாபிமானம் முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

பிறகு, பழங்காலப் போர்க்கலையைக் கணினி வழியாகக் கற்பிக்கப்போவதாக ஒரு கம்பனி வந்தது. மாத்தளையில் ஒரு மண்டபத்தில், உடம்பின் அசைவை அப்படியே பதியும் கறுப்பு உடுப்பை ஜவாஹிருக்கு மாட்டிக் கம்பு சுழற்றச் சொன்னார்கள்.

"கால் ஒண்ணு சரியில்ல தம்பி."

"அதெல்லாம் மெஷின் திருத்தும், நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் பொறுப்பாளர் நிரூபன்.

மெஷின் திருத்தவில்லை. திரையில் தலைப்பாகை கட்டிய வீரன் ஒருவன், ஒவ்வொரு சுழற்சிக்கும் வலது காலை இழுத்தான். 'முந்நூறு வருட இரகசிய அடி' என்று கீழே எழுத்து ஓடியது.

மனைவி றம்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூஞ்சி எவன்டயோ. நொண்டி மட்டும் ஒங்கடதுதான்!"

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அந்த வீரனைப் பார்த்துப் பழகும் வகுப்பைக் கம்பனி அதே மண்டபத்தில் தொடங்கியது; மகள் றுஸைனா அதில்தான் சேர்ந்திருந்தாள்.

"வாப்பா, முட்டி எரியுது. கால நேரா வச்சா, பிழைன்னு மெஷின் சிவப்பு காட்டுது."

ஜவாஹிர் மண்டபத்துக்குப் போனார். சாரத்தை உயர்த்தித் தழும்பைக் காட்டினார். "ஃப்ரிட்ஜ் தூக்கி ஒடஞ்ச கால் தம்பி இது. இதையா புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறீங்க?"

"ஆக்கள் வாறதே அந்த அடிக்குத்தான், நானா" என்றார் நிரூபன். "பிழையெண்டால் சரியா வைச்சுக் காட்டுங்கோ. பதிஞ்சு மாத்துறம்."

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. ஜவாஹிர் கம்பை எடுத்தார். வலது காலை நேராக ஊன்றிச் சுழன்றார். முழங்கால் மடங்கியது. தரையில் விழுந்தார்.

அதுவும் ஓர் அடி என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள்.

தூக்கிவிட றுஸைனா வந்தாள், வலது காலை இழுத்துக்கொண்டு.

அந்தப் பாடம் இன்றும் நடக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை திரையின் முன் காலை இழுத்தால், அங்கேயே நிறுத்துங்கள். அது எந்த நூற்றாண்டின் அடி, எவருடைய கால் என்று கற்பிக்கிறவர்களிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பிள்ளையை அனுப்பாதீர்கள்.