நடுவில் நின்ற நாற்பது புரோகிராம்கள்

பாடப்புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்து வாத்தியாரிடம் நீட்டுவது எனக்கு அப்போது தீனி மாதிரி. கம்ப்யூட்டர் படிப்பில் இரண்டாம் வருடம். கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சகம் வைத்திருந்த மாமா, என் அத்தாவின், அதாவது அப்பாவின், சிநேகிதர், இதைக் கேள்விப்பட்டு ஒரு கட்டுத் தாளை என் கையில் கொடுத்தார்.

"திருவிடைமருதூர்ல ஒரு டீச்சர் தமிழ்ல பைதான் புத்தகம் எழுதியிருக்காங்கம்மா. திங்கக்கிழமை அவங்க வகுப்பு ஆரம்பம். நீ சரின்னு சொன்னாத்தான் அடிப்பேன். பத்திரிகையில தப்பு வந்தா ஒரு குடும்பம்தான் திட்டும். இதுல ஊரே திட்டும்."

என் முறை கறாரானது. தாளில் உள்ளதை ஓர் எழுத்து, ஓர் இடைவெளிகூட மாற்றாமல் அப்படியே அடித்து ஓட்டிப் பார்ப்பேன். நாற்பது புரோகிராம். நாற்பதும் ஓடவில்லை. பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எந்த வரி எந்த வரிக்குள் அடங்கும் என்பதை இடப்பக்கம் விடும் இடைவெளிதான் சொல்லும். இங்கே வரிகள் இஷ்டத்துக்கு நின்றன. போதாக்குறைக்கு ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் ஒரு 'உ'. அது பிள்ளையார் சுழி என்று எனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். 'ஆசிரியருக்கு பைதானின் அரிச்சுவடியே தெரியவில்லை' என்பது அதில் மென்மையான வரி.

வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் அச்சகத்துக்கு வந்தார். மாமா அறிக்கையைக் கொடுத்தார். நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு என் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பார்த்துத்தாங்க எழுதினேன். ரெண்டு வருஷ வேலை. பெத்தவங்க எல்லார்கிட்டயும் புத்தகம் உண்டுன்னு சொல்லிட்டேன்" என்றவர், "அந்தத் தாளைக் காட்டுங்க" என்றார்.

பார்த்ததும் டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லா வரியும் தாளின் நடுவில், மணமகன் பெயர் மணமகள் பெயர் போல, அழகாக அடுக்கப்பட்டிருந்தது.

கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "இடது பக்கமாச் சாஞ்சு, பல்லு போன வாய் மாதிரி கிடந்துச்சுங்க டீச்சர். பார்க்கச் சகிக்கல. நடுவுல வச்சேன்."

"சுழி?" என்றேன்.

"அது கை தானாப் போட்டுடும்."

பதினைந்து வருடமாகப் பத்திரிகை செய்த கை. மேசையில் கிடந்த அறிக்கையை நைசாக என் பைக்குள் தள்ளினேன். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் இடப்பக்கம் ஒதுக்கினால் எல்லா வரியும் ஒரே கோட்டில் நிற்கும், அதுவும் தப்பு. டீச்சர் முதலில் கொடுத்த கைப்பிரதியைப் பார்த்து ஒவ்வொரு வரியாக உள்ளே தள்ள வேண்டும். அக்கா அருகில் உட்கார்ந்தேன்.

"எதுக்கும்மா இது தள்ளி நிக்குது?"

"பத்திரிகையில 'நல்வரவை விரும்பும்'னு போட்டு, கீழ பேரெல்லாம் போடுவீங்கள்ல? அந்தப் பேரெல்லாம் அந்தத் தலைப்புக்குள்ள அடங்கினவங்க. அது மாதிரி."

"தள்ளி வைக்காட்டி?"

"யாரு வீட்டு ஆளுன்னு தெரியாது."

"அது பெரிய சண்டையாயிடுமே" என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியையும் "இது யாரு வீடு?" என்று விசாரித்துத்தான் உள்ளே விட்டார். இருபத்தேழாவது புரோகிராமில் கை நின்றது. மூன்று பேர் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்த நெல் மூட்டைகளைக் கூட்டும் கணக்கு.

"மொத்தம் பூஜ்யம்னு ஒரு வரி உள்ள இருக்கு. ஒவ்வொருத்தர் வர்றப்பவும் பூஜ்யமாயிடாதா? முன்னாடி வந்தவர் மூட்டை எங்க போச்சு?"

கைப்பிரதியிலும் அப்படியேதான் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். கடைசி ஆளின் மூட்டை மட்டும் மொத்தமாக வந்தது.

டீச்சர் நெற்றியில் கை வைத்தார். "ஓடுச்சு, விடையும் வந்துச்சு. நான் கூட்டிப் பார்க்கல."

நான் மட்டும் பார்த்தேனா? நாற்பதில் இருந்த ஒரே நிஜத் தப்பு அதுதான். மூன்று பக்க அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் மாமா வந்து, "என்னம்மா, அடிக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னும் பதிமூணு இருக்கு பாய். கூட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்" என்றார் அக்கா. டீச்சரும் தலையாட்டினார். நான் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை இயந்திரம் ஓடியது. ஞாயிறு மதியம் டீச்சர் புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். பஸ் நகரும் வரை, ஜன்னலுக்கு வெளியே நின்ற அக்காவிடம் முப்பத்தொன்றாவது புரோகிராம் பற்றி ஏதோ சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்.